வெயிலிடம் லீவு கேட்டவள்

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவே, பார்த்த கண் கூசும்படி வெள்ளைவெளேரென்று கிடக்கிற முள்ளிக்கரை உப்பளத்தில், மாசி மாதத்தில் முதல் தடவை வாரும்போதே உப்பு பாட ஆரம்பித்துவிட்டது. அதை முதலில் கேட்டவள் பேச்சித்தாய். ஆனால் ஆச்சரியப்பட அவளுக்கு நேரம் இல்லை, வெயில் ஏறுவதற்குள் இன்னும் பாதிப் பாத்தி வார வேண்டியிருந்தது, ஏறிவிட்டால் உள்ளங்கால் பொத்துப்போகும், ஆகவே வாருபலகையைக் கீழே வைக்காமலே பக்கத்துப் பாத்தியில் நின்றவளிடம், “ஏட்டி, உப்பு பாடுது, கேக்கா?” என்றாள். அவளும் நிமிராமல், “ஆமாக்கா, எம் பாத்தியிலயும்தான். ஆனா இது வேற பாட்டு” என்றாள். அத்தோடு இருவரும் வேலையைப் பார்த்தார்கள்.

பாத்திக்கு ஒரு பாட்டு. ஒன்றில் குதிரை ஓடுகிற மெட்டு, அதற்கு அடியில் தொண்டைக்குள் பாறை உருளுவது போல ஓர் உறுமல். இன்னொன்றில் பத்துப் பேர் கூடிக் காலால் தரையை உதைத்து உலக்கை போடுகிற தாளம். வேறொன்றில், துறைமுகத்தில் யாரையோ வழியனுப்பிவிட்டு வெறும் வீட்டுக்குத் திரும்புகிற பெண்ணின் நீண்ட இழுப்பு. கடைக்கோடிப் பாத்தியில், போர்வை என்றால் பிணத்துக்குத்தான் என்று நினைத்திருந்த அந்த ஊரில், கேட்டாலே கை மயிர் சிலிர்க்கிற, பனி பெய்கிற ஏதோ தேசத்தின் பாட்டு. சொல் கிடையாது, வெறும் மெட்டுதான். கப்பல்காரர்கள் பாடுகிற பாட்டெல்லாம் கடலில்தானே விழுகிறது, கடல் தண்ணியைத்தானே நாம் பாத்தியில் விடுகிறோம், தண்ணி காய்ந்து போனால் மிச்சம் கீழே நிற்கத்தானே செய்யும் என்று டீக்கடை பெஞ்சில் இருந்த ஒருவர் சொன்னார். மற்றவர்கள் அது சரிதான் என்று தலையை ஆட்டிவிட்டு வடை கேட்டார்கள். ஊரில் நடந்த விசாரணை அவ்வளவுதான்.

பாடுகிற உப்பை வைத்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளுவது என்பதுதான் ஊருக்குப் பெரிய விஷயமாக இருந்தது. ஆந்திராவுக்கு லோடு ஏற்றிப் போன லாரி டிரைவர், மூட்டைகள் வழியெல்லாம் தாலாட்டுப் பாடி என்னைத் தூங்கவைக்கப் பார்க்கின்றன என்று சொல்லி, அடுத்த லோடுக்கு உலக்கைப் பாத்தி உப்பாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கருவாட்டுக்காரிகள் எந்த மீனுக்கு எந்தப் பாட்டு ஒத்துவரும் என்று கண்டுபிடித்து வைத்தார்கள். வழியனுப்பும் பாட்டு உப்பில் ஊறிய நெத்திலியைப் பூனைகூட மோந்துபார்த்துவிட்டு, சோகம் தாங்காமல், விலகிப் போனது. ஒரு கல்யாண வீட்டில் பிரியாணிக்கு அதே உப்பு விழுந்துவிட, மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுது, அழுத அழுகையில் பழைய பகையெல்லாம் தீர்ந்து இரண்டு வீடும் ஒன்றாகிவிட்டன. பிள்ளைக்குத் திருஷ்டி கழிக்க உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டால் உப்பு உச்ச ஸ்தாயியில் ஒரு வீறல் விட்டுத்தான் வெடித்தது, அது திருஷ்டிக்கு இன்னும் நல்லது என்று பெண்கள் சொல்லிக்கொண்டார்கள். மரு உதிர வேண்டுமென்று கோயில் குளத்தில் உப்புக் கொட்டுகிறவர்கள் கொட்டினால் குளமே ஒரு சுற்றுப் பாடி அடங்கியது. ரத்தக்கொதிப்புக்காரர்கள் உப்பைக் குறைத்தால் மட்டும் போதுமா, பாட்டையும் குறைக்க வேண்டுமா என்று ஆஸ்பத்திரி டாக்டரைக் கேட்க, அவர் யோசித்து, பாட்டு எவ்வளவு வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.

ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தால் அந்தப் பாத்தியின் பாட்டு தொண்டையில் வந்து உட்காரும்; வாயைத் திறந்தால் அதுதான் வரும். தண்ணி குடித்தால் இறங்கிப் போய்விடும், போன பிறகு மண்டையை உடைத்துக்கொண்டாலும் ஞாபகம் வராது. செல்போனில் பதிந்து பார்த்தால் உப்பு வெடிக்கிற சடசடப்பு மட்டும் கேட்கும். பெரியவர்களுக்கும் பாட்டு வரத்தான் செய்தது, ஆனால் பெரியவர்கள் வெட்கப்பட்டு உடனே செம்பைத் தூக்கி அண்ணாந்துவிடுவார்கள். பிள்ளைகள்தான் நாள் பூரா தண்ணி குடிக்காமல் திரிந்தார்கள்.

முள்ளிக்கரை நடுநிலைப் பள்ளியின் விளையாட்டுத் திடல் முடிகிற இடத்தில் அளம் ஆரம்பிக்கிறது. பந்து எகிறினால் பாத்தியில்தான் விழும். ஒருநாள் சத்துணவுக்கு உப்புப் பாக்கெட் வந்து சேராததால், சமைக்கிற சரோஜா திடலைத் தாண்டிப் போய் ஓரத்துப் பாத்தியில் ஒரு கை அள்ளிவந்து சாம்பாரில் போட்டாள். அது குதிரைப் பாத்தி என்று அவளுக்குத் தெரியாது. அன்று மத்தியானம் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பள்ளிக்கூடமே நாலு கால் பாய்ச்சலில் ஓடியது. தலைமையாசிரியை வராந்தாவில் நின்று அதட்டினார், அவரும் அதே சாம்பாரைச் சாப்பிட்டிருந்தபடியால் அதட்டலும் குதிரை மேல்தான் ஏறி வந்தது.

அந்தப் பள்ளியில் பாட்டு வாத்தியார் கிடையாது. பி.டி. சார் வில்ஃபிரட்தான் இருந்தார், அவருக்குத் தெரிந்த வாத்தியம் விசில் ஒன்றுதான். ஆனாலும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்: ஒரு பெஞ்சு ஒரு தேசமாகவும் மறு பெஞ்சு மறு தேசமாகவும் பிள்ளைகள் பாடுவதையும், பெயர்கூட வாயில் நுழையாத ஏதோ தீவிலிருந்து வந்த ஒரு கப்பல்காரன், உப்பைப் பார்க்க வந்த இடத்தில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பாடியதைக் கேட்டு வரப்பிலேயே உட்கார்ந்து, இது என் அம்மா நாற்று நடும்போது பாடியது என்று கையைக் கையை ஆட்டிச் சொல்லி அழுததையும். ஓடத் தெரிந்த பிள்ளைகளை ஓடவிட வேண்டும் என்பது அவருடைய கொள்கை, பாடத் தெரிந்த பிள்ளைகளுக்கும் அதுவே பொருந்தும் என்று நினைத்தார். சாயங்காலம் நடந்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, கலைவிழாவுக்கு எட்டாம் வகுப்பு ஒரு ஆப்பரா போடப்போகிறது என்று அறிவித்தார்.

“ஆப்பரான்னா பேச்சே கிடையாது பாத்துக்கிடுங்க. சண்ட போட்டாலும் பாட்டு, சோறு கேட்டாலும் பாட்டு, சாகும்போதும் பாடிக்கிட்டேதான் சாவாங்க.”

“இதுக்கு எதுக்கு சார் மேட?” என்றாள் பேச்சித்தாய். “எங்க தெருவுல தண்ணி லாரி வந்தா தெனமும் அதான நடக்கு?”

கூட்டம் சிரித்தது. அவள் மகள் ஆவுடைச்செல்வி மட்டும் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டு நகத்தைக் கடித்தாள், ஏனென்றால் அந்த ஆப்பராவுக்குக் கதை சொன்னவளே அவள்தான், கதையில் வருகிறவள் யார் என்பதை அம்மாவிடம் சொல்லவில்லை.

பேச்சித்தாய் அளத்தில் பேர்போன கைக்காரி. அவளைப்போல வேகமாக வாருகிறவர்கள் உண்டு, அவளைப்போல உப்பைக் குவிக்கிறவர் கிடையாது; சிந்திக் கிடந்தாலும் சின்னச் சின்னக் குவியலாக நின்றாலும் அவள் கை சும்மா இருக்காது, கூட்டிச் சேர்த்து, தட்டி வழித்து, கூம்பாக நிறுத்தி, மேலே கீற்று வேய்ந்துவிடுவாள், பேச்சி குவித்த அம்பாரம் மழைக்குக் கரையாது என்று கங்காணி சுடலைமுத்துவே வெளி ஆட்களிடம் சொல்லுவார். வாயும் அப்படித்தான், சிந்தவிடாது. மகளைப் பாராட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கமாட்டாள். பிள்ளை முதல் ரேங்க் எடுத்து வந்தபோது, அடுத்தவ எடுத்திருந்தா அவ அம்மா பாவம் சந்தோஷப்பட்டிருப்பா என்றாள். ஆனால் அந்த ரேங்க் விஷயத்தை அன்று சாயங்காலத்துக்குள் அளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வேறு யாரோ சொன்னதுபோலப் பரப்பிவிட்டவளும் அவள்தான்.

போன வருஷம் பள்ளி விளையாட்டு விழாவுக்கு வரச்சொல்லி ஆவுடை கெஞ்சியிருந்தாள். ஒரே ஒரு நாள் லீவு போட்டால் என்ன என்று கேட்டாள். உள்ளங்கால் வெடிப்பில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த பேச்சித்தாய்க்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“யாருகிட்டட்டீ கேக்கச் சொல்லுத? கங்காணிகிட்டயா? அவரு என்ன செய்வாரு? வெயிலு அடிச்சா வெளையும், வெளஞ்சா வாரணும். நீ வேணும்னா போயி வெயிலுகிட்ட கேளு.”

ஆவுடை அதைத்தான் செய்தாள். அவள் கதையில் உப்பு வாருகிற ஒருத்தி பிள்ளையைப் பார்க்க ஒரு நாள் லீவு வேண்டும் என்று வெயிலிடம் போய்க் கேட்கிறாள். என்னைச் சுடச்சொல்வது கடல், அதைக் கேள் என்கிறது வெயில். கடல் காற்றைக் கேள் என்கிறது. காற்று மேகத்தைக் கேள் என்கிறது. மேகமோ, நான் வந்தால் உனக்கு லீவுதான், ஆனால் உன் அடுப்புக்கும் சேர்த்து லீவு, சம்மதமா என்று கேட்கிறது. அவள் திரும்ப வெயிலிடமே வந்து கடைசியாக ஒரு தடவை கேட்கிறாள். வெயில் முடியாது என்கிறது. அவள் வாருபலகையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்குகிறாள். திரை விழுகிறது. வேறு மாதிரி முடிக்கக் கூடாதா என்று பி.டி. சார் கேட்டதற்கு, பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, வேறு மாதிரி நடக்காதே சார் என்றார்கள்.

கேட்கிறவளாக ஆவுடை, அவளுக்கு வழியனுப்பும் மெட்டு. வெயிலாக நடித்தவன் அந்தோணி ரீகன், குண்டன், குரல் தவில் மாதிரி. அவனுக்குக் கடைக்கோடிப் பாத்தியின் பனிப்பாட்டு, கட்டளையிட்டு முடியாது என்று சொல்ல அதைவிட்டால் வேறு மெட்டில்லை. கடலுக்கு நாற்று நடும் பாட்டு, காற்றுக்குக் குதிரை, மேகத்துக்கு உலக்கை. சொல்லெல்லாம் பிள்ளைகளே போட்டுக்கொண்ட சொல், வீட்டில் அம்மாக்கள் பேசுகிற பேச்சு. திடலும் அளமும் சந்திக்கிற கரையில் ஒவ்வொரு மெட்டுக்கும் முழங்கால் உயரத்தில் ஒரு குவியல் உப்பு சேர்த்து, எது யாருடையது என்று தெரிய ஒரு குச்சியில் ஒரு ரிப்பன் கட்டி நட்டிருந்தார்கள். ஒத்திகை என்றால் சார் விசில் ஊதுவார், ஓடிப்போய் அவரவர் குவியலில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள்.

விஷயம் அளத்துக்கு வராமல் இருக்குமா? “ஒம் மவ ஒன்னயத்தான் நாடகத்துல ஏத்திப்புட்டாளாம்ல” என்று பக்கத்துப் பாத்திக்காரி சொன்னபோது, பேச்சித்தாய் “படிக்கப் போட்டா இதான் படிக்காளாக்கும்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அன்றிலிருந்து வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவள் குறுக்குவழியை விட்டுவிட்டுத் திடல் வழியாகச் சுற்றிப் போனாள். காலில் முள் குத்திவிட்டதுபோல நின்று, குனிந்து, இல்லாத முள்ளைத் தேடினாள். மகளுடைய குரல் நீண்டு நீண்டு வந்து தன் காதில் விழும்வரை தேடினாள். உலகத்தில் எங்கேயோ ஒருத்தி கடற்கரையில் நின்று அழுத மெட்டில், தான் அன்றைக்குக் கோபத்தில் சொன்ன சொல்லையெல்லாம் வைத்து, தன் பிள்ளை பாடுகிறாள். எனக்கா இப்படி ஒரு பிள்ளை என்று தனக்குள்ளே கேட்டுக்கொண்டாள். வீட்டுக்குப் போய், பாவாடையை ஏன் இப்படிப் போட்டு வைத்திருக்கிறாய் என்று மகளை ஏசினாள்.

கலைவிழா புரட்டாசிக் கடைசியில் வந்தது. அளத்தில் அந்த வருஷத்தின் கடைசி வாரல் அதற்கு முந்தின நாளே முடிந்துவிட்டது. வாரிய உப்பெல்லாம் வழக்கப்படி பெரிய அம்பாரங்களில் ஒன்றாகக் கலந்து கிடந்தது, பாத்திகளில் வெறும் தண்ணிதான் நின்றது. விழா அன்று காலை பெண்கள் கீற்று வேய்ந்துகொண்டிருக்கும்போது தெற்கே வானம் கறுத்தது. காற்று நின்றது. “மழ! மழ வருது, மூடுங்க, மூடுங்க!” என்று கங்காணி கத்திக்கொண்டு ஓட, பெண்கள் பறந்து பறந்து மூடினார்கள். தன் அம்பாரத்தை மூடி முடித்துக் கல்லையும் ஏற்றிவிட்டு மூச்சு வாங்க நின்ற பேச்சித்தாய்க்கு அப்போதுதான் கரையில் நிற்கிற பிள்ளைகளின் குவியல்கள் ஞாபகம் வந்தன.

முழங்கால் உயரக் குவியல் ஒரு தூற்றலுக்குத் தாங்குமா? அவள் ஓடினாள். பதமறிந்த கை, யோசனைக்கு எங்கே நேரம்? ஒவ்வொரு குச்சியாகப் பிடுங்கி ரிப்பனோடு பத்திரமாக ஒரு பக்கம் வைத்தாள். பலகையால் இந்தக் குவியலை அதோடும் அதை இதோடும் இழுத்துச் சேர்த்தாள். இடுப்பு உயரத்துக்கு ஒரே கூம்பாக்கி, தட்டி, வழித்து, ஒரு கல் உப்பு வெளியே தெரியாமல் கீற்றால் மூடினாள். இனி கொட்டினாலும் கவலையில்லை. பிள்ளைகளின் உப்பைக் காப்பாற்றியாகிவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகள் வந்து பார்த்தால் என்ன சொல்லுவாள் என்று நினைத்து, யாரும் பார்க்காத தைரியத்தில் கொஞ்சம் சிரித்தும் கொண்டாள்.

மேகம் ஒரு சொட்டுக்கூடப் போடாமல் கடல் பக்கம் நகர்ந்து போனது. வெயில் பளீரென்று அடித்தது. அப்போது கீற்றுக்கு அடியில் குவியல் பாட ஆரம்பித்தது: குதிரையும் உலக்கையும் நாற்றும் பனியும் வழியனுப்பலும் ஒன்றன் வாலை ஒன்று மிதித்துக்கொண்டு, ஒரே நேரத்தில், ஒரே இரைச்சலாக. பேச்சித்தாய் வாருபலகையைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தாள்.

ஓடிப்போயிருக்கலாம், யாரோ செய்தார்கள் என்று விட்டிருக்கலாம். அவள் போகவில்லை. பிள்ளைகள் வரும்வரை வெயிலில் உட்கார்ந்தே இருந்தாள்.

முதலில் வந்தவள் ஆவுடை. கூம்பையும் கீற்றையும் ரிப்பன்களையும் பார்த்தாள், இரைச்சலைக் கேட்டாள், புரிந்துகொண்டாள்.

“மழ வந்துச்சுட்டீ” என்றாள் பேச்சித்தாய். “கரைஞ்சு போயிருமேன்னுதான்...”

“வானத்தப் பாத்த சரி. ஒரு வார்த்த எங்கள கேக்கப்படாதாம்மா?”

“நேரமில்லட்டீ.”

“ஒனக்கு எப்பதான் நேரம் இருந்துச்சு!” என்று ஆவுடை கத்தினாள். கத்திவிட்டு, கூம்பின் மேல் சாய்ந்து அழுதாள். பேச்சித்தாய் மகளின் முதுகைத் தொடக் கையை நீட்டி, தொடுவதற்குப் பயந்து, கையை மடியில் வைத்துக்கொண்டாள். திட்டுவதற்கு அவளுக்கு ஆயிரம் வார்த்தை தெரியும், மன்னிப்புக் கேட்க ஒன்றுகூடக் கைவசம் இல்லை.

பி.டி. சார் வந்து சேர்ந்தார். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார்; குதிரையில் கிளம்பி உலக்கையில் விழுந்து பனியில் சறுக்கி நின்றார். சுற்றி நின்ற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தார். மூன்று மணிக்குக் கல்வி அதிகாரி வருகிறார், திடலில் பந்தல் நிற்கிறது, ஊர் விழாவுக்குக் குளித்துக்கொண்டிருக்கிறது.

“கிரவுண்டு நனைஞ்சா மேட்ச் வேண்டாம்னு போயிருவோமா?” என்றார். “எந்தப் பந்து எங்கேருந்து வரும்னு தெரியாது, அவ்வளவுதான. வாரத அடிங்கலே. ஆப்பரா நடக்கும்.”

பேச்சித்தாய் போகக் கூடாது என்றுதான் நினைத்தாள். குளித்து, சேலை மாற்றி, வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு, தன் கையால் கெட்டதைத் தன் கண்ணால் பார்க்காமல் இருப்பது இன்னும் பெரிய தப்பு என்று தோன்ற, எழுந்து போய்ப் பந்தலின் கடைசியில், மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அளத்துப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், உதட்டில் காலையில் பட்ட உப்பு இன்னும் போகாமல். பக்கத்தில் கங்காணி சுடலைமுத்து, வெள்ளை வேட்டியில், கல்யாணத்துக்கு வந்தவர் போல நின்றார். முன்வரிசையில் அதிகாரி.

விசில் கேட்டது. கலந்த குவியலிலேயே ஆளுக்கு ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டார்கள். தலையில் துண்டைக் கட்டி, கையில் வாருபலகையோடு ஆவுடை மேடைக்கு வந்தாள். பெஞ்சுகளை அடுக்கி மஞ்சள் ஜிகினாத்தாள் ஒட்டிய உயரத்தில் ரீகன் வெயிலாக உட்கார்ந்திருந்தான். முதல் கேள்வியில் ஒன்றும் கெடவில்லை. கடல் வந்தது, நாற்று நடும் மெட்டில் ஆரம்பித்த கடல் நடுவழியில் குதிரையேறிப் பாய்ந்தது. பாடிய பெண் திடுக்கிட்டாலும் விடவில்லை, குதிரைக்கு ஏற்ற மாதிரி சொல்லைச் சுருக்கி அலையைக் கிளப்பினாள். காற்று உலக்கையாக இடித்தது, மேகம் நாற்று நட்டது. பி.டி. சாருக்குச் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. ஊர்க்காரர்களுக்கோ ஒரு குறையும் தெரியவில்லை, ஆப்பரா என்றால் இப்படித்தான் போலும், கடல் என்றைக்கு ஒரே மாதிரி இருந்திருக்கிறது என்று ரசித்தார்கள். பேச்சித்தாய்க்கு மட்டும் ஒவ்வொரு மெட்டு மாறும்போதும் யாரோ அவள் கன்னத்தில் அறைவது போல இருந்தது. மகள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைசிக் காட்சி. ஆவுடை திரும்பி வந்து வெயிலின் முன்னால் மண்டியிட்டு, எனக்கு ஒரே ஒரு நாள், என் பிள்ளை ஓடுவதைப் பார்க்க ஒரே ஒரு நாள் என்று கேட்டாள். இப்போது வெயில் எழுந்து, பனிக்குரலில், முடியாது என்று சொல்ல வேண்டும். ரீகன் எழுந்தான். வாயைத் திறந்தான். அவன் தொண்டையிலிருந்து வந்தது வழியனுப்பும் மெட்டு.

அந்த மெட்டில் முடியாது என்று சொல்ல வராது. அவன் முயன்று பார்த்தான். சொல் ஒரு பக்கம் இழுத்தது, மெட்டு ஒரு பக்கம் இழுத்தது. பிறகு அவன் சொல்லை விட்டுவிட்டு மெட்டோடு போனான். அவன் அம்மாவும் உப்பு வாருகிறவள்தான், அவள் பேச்சும் அவன் வாயில் கிடந்தது.

“எனக்கு மட்டும் யாரு தந்தா?” என்று வெயில் பாடியது. “கெழக்க வந்து நிக்கேன், மேக்க போயி விழுதேன், பொறந்த நாளு மொதலா ஒரு நாளு உக்காரல. எங்கிட்ட கேக்கியே தாயி, நான் யாருகிட்ட போயி லீவு கேக்க?”

பி.டி. சாரின் விசில் உதட்டிலேயே நின்றது. ஆவுடை தலை குனிந்து பலகையை எடுத்துக்கொண்டு போக வேண்டிய இடம் அது. அவள் போகவில்லை. நிமிர்ந்து வெயிலைப் பார்த்தாள், காலம் பூரா தன்னைச் சுட்ட அது அழுவதைப் பார்த்தாள். வாயைத் திறந்தபோது அவளுக்கு வந்தது பனிப்பாட்டு, கட்டளையிடுகிற மெட்டு.

“எறங்கு” என்று அவள் பாடினாள். கடைக்கோடியில் நின்ற பேச்சித்தாய்க்கு மயிர்க்கால் சிலிர்த்தது. “எறங்கி வா. இன்னைக்கு ஒனக்கு லீவு. நான் தாரேன். வந்து இப்படி உக்காரு.”

ரீகன் பெஞ்சு பெஞ்சாக இறங்கி வந்தான். ஆவுடை தன் தலைத்துண்டை அவிழ்த்து அவன் நெற்றி வியர்வையைத் துடைத்து, அவனைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். கடலும் காற்றும் மேகமும் யாரும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தன. பாட்டு எந்த மெட்டில் போகிறது என்று இப்போது யாருக்கும் சொல்ல முடியவில்லை, எல்லா மெட்டும் ஒன்றை ஒன்று கைப்பிடித்துப் போயிற்று. கூம்பாகக் குவித்த உப்பு போல அது ஒரே பாட்டாக நின்றது. உதட்டை நக்கிய அளத்துப் பெண்களின் தொண்டையிலும் அது ஏறியது. முதலில் ஒருத்தி, பிறகு அவள் பக்கத்தில் ஒருத்தி, பிறகு பந்தல் முழுக்க. அன்றைக்கு ஒருத்தியும் தண்ணிப் பானைப் பக்கம் திரும்பவில்லை.

கை தட்டல் ஓய்ந்ததும் அதிகாரி மைக்கை வாங்கினார். எழுதிக்கொண்டு வந்த பேச்சை மறந்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இத்தனை தேசத்துப் பாட்டை இப்படி ஒன்றாகக் கலந்தது யார், சாரா என்று கேட்டார். பி.டி. சார் இல்லை என்று கையை ஆட்டினார். ஆவுடை முன்னால் வந்தாள்.

“எங்கம்மா, சார்.”

பேச்சித்தாய்க்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊர் முன்னால் மகள் தன்னைக் குத்திக்காட்டுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தாள். பந்தலே திரும்பிப் பார்த்தது. அத்தனை தலைகளுக்கு மேலே மகளின் முகத்தைத் தேடிப் பார்த்தாள். அதில் குத்தல் இல்லை, கோபம் இல்லை, கண்ணீர் காய்ந்த தடத்தோடு ஒரு சிரிப்பு, இந்தப் பொம்பளை என் அம்மா என்று ஊருக்குக் காட்டுகிற சிரிப்பு. ரேங்க் கார்டுக்கெல்லாம் தான் மறைத்து மறைத்து வைத்திருந்த அதே பெருமை, பிள்ளை முகத்தில் மறைப்பே இல்லாமல் நின்றது. பேச்சித்தாய் மூங்கிலை விட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“ஆமா” என்றாள், மைக் இல்லாமலே கடைசி வரிசையிலிருந்து மேடை வரைக்கும் கேட்கிற குரலில். “நாந்தான் கலந்தேன். அவ எம் மவ.”

மறுபடியும் கை தட்டல் எழுந்தது. கங்காணி சுடலைமுத்துவும் தட்டினார், தட்டி முடித்து, வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

“பேச்சி, நாளைக்கு மூட்ட போட நீ வர வேண்டாம். லீவு எடுத்துக்கிடு.”

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அவள் கேட்டதே இல்லை. அவரைப் பார்த்தாள், கூட்டத்துக்குள் மூழ்கிப்போன மகளைப் பார்த்தாள், பிறகு வேகமாகத் தலையை ஆட்டினாள்.

“நாளைக்கு முடியாது அண்ணாச்சி. நாளைக்குப் பூரா அளத்துல எல்லாரும் எம் மவளப் பத்தித்தான பேசுவாங்க, நான் இருக்கணும்லா? நாளான்னைக்குத் தாங்க.”